என்கிளெக்ஸ் தேர்வு: வார்டு அனுபவத்தோடு தயாராகும் செவிலியருக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை வார்டில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றிய பிறகு, அமெரிக்காவில் பதிவுபெற்ற செவிலியராவதற்கான என்கிளெக்ஸ் ஆர்.என். தேர்வை எழுதினேன். முதல் முறை தோற்றேன். தோற்றவர்களுக்கு வரும் திறனறிக்கை, ஒவ்வொரு பாடப்பிரிவிலும் நாம் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருந்தோமா, அருகில் இருந்தோமா, கீழே இருந்தோமா என்று காட்டும். நோய்களும் சிகிச்சைகளும் அடங்கிய பிரிவுகளில் நான் கோட்டுக்கு மேலே இருந்தேன்; பராமரிப்பு மேலாண்மையிலும் உளநலப் பிரிவிலும் கீழே விழுந்திருந்தேன். அந்தத் தாளை ஒரு வாரம் மடியில் வைத்துப் பார்த்த பிறகுதான், படிக்காததால் தோற்கவில்லை, நம் வார்டில் பழகிய கையோடு போய் விடை எழுதியதால் தோற்றேன் என்பது விளங்கியது. இரண்டாம் முறை தேர்ச்சி பெற்றேன். இடைப்பட்ட காலத்தில் ஆவணங்களிலும் பணத்திலும் பாடத்திலும் நான் பட்ட சிரமத்தை உங்களுக்குக் குறைப்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. பாடப்புத்தகத்தைத் திறக்கும் முன் பெயரைச் சரிசெய்யுங்கள்

நம் பெயர்களில் தலைப்பெழுத்து உண்டு. குடும்பப் பெயர் கிடையாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், நர்சிங் கவுன்சில் பதிவில் பின்னால் இருக்கும், கடவுச்சீட்டில் அதே எழுத்து அப்பாவின் முழுப் பெயராக விரிந்து குடும்பப் பெயர்க் கட்டத்தில் அமர்ந்திருக்கும். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்தவர்களுக்கு நான்காவதாக ஒரு வடிவமும் இருக்கும். இந்தியாவிலுள்ள தேர்வு மையத்தில் கடவுச்சீட்டு ஒன்றையே அடையாளச் சான்றாக ஏற்பார்கள். ஆதார் அட்டை அங்கே செல்லாது. தேர்வு அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ள பெயரோடு பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், கட்டிய பணமும் திரும்பாது.

ஆகவே கடவுச்சீட்டில் உள்ளபடியே எல்லா விண்ணப்பங்களிலும் பெயரை நிரப்புங்கள். கல்விச் சான்றிதழ்களில் வேறு வடிவம் இருந்தால், இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி நோட்டரியிடம் சான்று பெற்று வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டின் காலாவதித் தேதியையும் இப்போதே பாருங்கள். புதுப்பிக்க வேண்டியிருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே புதுப்பித்துவிடுவது நல்லது.

2. மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தல், சான்றுகளை அனுப்பவைத்தல்

தேர்வு நாடு முழுவதற்கும் ஒன்றே என்றாலும், எழுதுவதற்கான தகுதியை வழங்குவது ஒவ்வொரு மாநிலத்தின் செவிலியர் வாரியம்தான். சில மாநிலங்கள் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமல் விண்ணப்பத்தை முடிக்க விடாது. இந்தியாவில் இருந்து விண்ணப்பிக்கும் நம்மிடம் அந்த எண் இருக்காது. நான் நியூயார்க்கைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே முதற்காரணம். தோழி சொன்னாள், முகவர் சொன்னார் என்பதற்காக மாநிலத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வாரியத்தின் இணையதளத்தில் வெளிநாட்டில் படித்தவர்களுக்கான பக்கத்தை நீங்களே முழுதும் வாசியுங்கள்.

நம் படிப்பைச் சரிபார்க்கும் வேலையைச் செய்யும் அமைப்பை நாம் சி.ஜி.எஃப்.என்.எஸ். என்றே அறிவோம், 2025-இல் அது ட்ரூமெரிட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதற்கு இரண்டு முக்கியத் தாள்கள் போக வேண்டும். ஒன்று, நீங்கள் படித்த கல்லூரியோ பள்ளியோ தரும் ட்ரான்ஸ்கிரிப்ட். ஒவ்வொரு பாடத்திலும் வகுப்பறை நேரம் எவ்வளவு, மருத்துவமனைப் பயிற்சி நேரம் எவ்வளவு என்பது அதில் தனித்தனியாக இருக்க வேண்டும். மற்றொன்று, நர்சிங் கவுன்சில் தரும் பதிவுச் சரிபார்ப்பு. இரண்டையும் அந்தந்த நிறுவனம் நேரடியாக அனுப்ப வேண்டும். உங்கள் கையில் வாங்கி நீங்கள் அஞ்சலில் சேர்த்தால் நிராகரிக்கப்படும்.

இங்கேதான் மாதக்கணக்கில் காலம் போகும். என் கல்லூரியில் மட்டும் நான்கு முறை ஏறி இறங்கினேன். மூன்றாம் முறை தந்த தாளில் மனநல செவிலியப் பாடத்தின் பயிற்சி நேரம் விடுபட்டிருந்தது. அந்தத் தாள் அப்படியே போயிருந்தால் இன்னொரு சுற்று முழுதும் தொடங்கியிருக்கும். உறையை ஒட்டும் முன் பொது மருத்துவம், அறுவைச் சிகிச்சை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் ஆகிய ஒவ்வொன்றிலும் இரண்டு வகை நேரமும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று அலுவலரோடு உட்கார்ந்து சரிபாருங்கள். கர்நாடகத்தில் படித்து அங்கே பதிவு செய்து, பிறகு தமிழ்நாடு கவுன்சிலுக்கு மாற்றிக்கொண்டவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்கள் பதிவு வைத்திருந்த இரண்டு கவுன்சில்களிலிருந்தும் சரிபார்ப்பு வாங்க வேண்டும். பதிவு காலாவதியாகியிருந்தால் முதலில் புதுப்பியுங்கள்.

3. பணமும் கால வரிசையும்

நியூயார்க்கின் விண்ணப்பக் கட்டணம் 143 டாலர். தேர்வை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்திற்கு 200 டாலர் பதிவுக் கட்டணம். அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதற்கு மேலும் 150 டாலரும் அதற்குரிய வரியும். வரி நீங்கலாக இந்த மூன்றும் சேர்ந்து 493 டாலர். சான்று சரிபார்ப்புக்கு இதற்கு மேல் சில நூறு டாலர்கள் தனியாக வேண்டும். கட்டணங்கள் மாறுபவை என்பதால், கட்டும் நாளில் உரிய இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி தானாகத் திறந்திருக்காது. வங்கிச் செயலியில் போய் அதை இயக்கி வைக்க வேண்டும். வங்கி பிடிக்கும் நாணய மாற்றுக் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள்.

வாரியம் தகுதியை ஏற்றவுடன் தேர்வு அனுமதிக் கடிதம் மின்னஞ்சலில் வரும். அதற்குக் காலக்கெடு உண்டு. பெரும்பாலும் 90 நாள், மாநிலத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். எக்காரணத்துக்காகவும் அதை நீட்டிக்கமாட்டார்கள், கெடு கடந்தால் மறுபடி பதிவு செய்து பணம் கட்ட வேண்டும். எனவே கடிதம் வந்த பிறகு படிக்கத் தொடங்கலாம் என்று எண்ணாதீர்கள். சான்றுகள் போய்க்கொண்டிருக்கும் அந்த நீண்ட மாதங்களே படிப்பதற்கான காலம்.

ஆங்கிலத் தேர்வில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. விசாவுக்குத் தேவையான வீசாஸ்க்ரீன் சான்றுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் தேர்வில் மொத்தம் 6.5-உம், பேச்சில் 7-உம் வேண்டும். அந்த மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். ஆர்வத்தில் அதை முதலிலேயே எழுதிவிட்டு, வீசாஸ்க்ரீன் கேட்கும்போது காலாவதியாகி மறுபடி எழுதியவர்களை எனக்குத் தெரியும். உங்கள் மாநிலம் விண்ணப்பத்தோடு கேட்காவிட்டால், என்கிளெக்ஸ் தேறிய பிறகு எழுதுங்கள்.

4. தேர்வு எப்படிக் கேட்கிறது

குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150. இடைவேளை உட்பட ஐந்து மணி நேரம். ஒவ்வொரு விடைக்கும் ஏற்பக் கணினி அடுத்த கேள்வியின் கடினத்தைக் கூட்டியோ குறைத்தோ தருகிறது. முந்தைய கேள்விக்குத் திரும்ப முடியாது, விடை தராமல் தாண்டவும் முடியாது. நீங்கள் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறீர்களா கீழே இருக்கிறீர்களா என்பதைக் கணினி 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல முடிந்த இடத்தில் தேர்வு நின்றுவிடும். 85-இல் நின்றால் தேர்ச்சி, நீண்டால் தோல்வி என்று விடுதிகளில் பேசிக்கொள்வதை நம்பாதீர்கள்; 85-இல் நின்று தோற்றவரும் உண்டு, 150 வரை போய்த் தேறியவரும் உண்டு.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வடிவத்தில், ஒரே நோயாளியைப் பற்றி ஆறு கேள்விகள் தொடர்ந்து வரும் கேஸ் ஸ்டடிகள் மூன்று உண்டு. பொருந்துவன அனைத்தையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகளில் இப்போது பகுதி மதிப்பெண் கிடைக்கிறது. சரியான தேர்வுக்கு ஒன்று கூடும், தவறான தேர்வுக்கு ஒன்று குறையும், பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஐயமுள்ளதையெல்லாம் சேர்த்துத் தட்டுவது அங்கே நஷ்டம்.

பாடத்திட்டத்தை தேர்வை உருவாக்கும் என்.சி.எஸ்.பி.என். அமைப்பு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பித்து இலவசமாக வெளியிடுகிறது. பராமரிப்பு மேலாண்மைக்கு 15 முதல் 21 விழுக்காடு, மருந்துகளுக்கு 13 முதல் 19, பாதுகாப்புக்கும் தொற்றுத் தடுப்புக்கும் 10 முதல் 16 என்று அதில் காண்பீர்கள். நாம் கல்லூரியில் ஒரு பருவத்தில் மேலோட்டமாகக் கடந்துவந்த மேலாண்மைக்குத்தான் எல்லாவற்றிலும் பெரிய பங்கு என்பதைக் கவனியுங்கள்.

5. வார்டுப் பழக்கத்தில் மாற்றிக்கொள்ள வேண்டியவை

இந்தப் படியில் நீங்கள் அதிக நாள் தங்க வேண்டும். கேள்வியில் வரும் மருத்துவமனை நம் மருத்துவமனை போன்றதன்று. அங்கே ஆள் பற்றாக்குறை இல்லை, உபகரணம் தீர்ந்துபோவதில்லை, நீங்கள் பார்க்கும் அந்த நேரத்தில் அந்த ஒரு நோயாளிதான் உங்களுக்கு. நாற்பது கட்டில் வார்டில் இரவுப் பணி பார்த்த மனம் இதை எளிதில் ஏற்காது. அங்கே நேரமிருக்காது என்று நாமே ஒரு விடையை ஒதுக்கிவிடுவோம், சரியான விடை அதுவாகவே இருக்கும்.

முதலாவது, ஆறுதல் சொல்லும் முறை. மறுநாள் அறுவைச் சிகிச்சைக்குப் போகும் அம்மா, "எனக்குப் பயமாயிருக்கு சிஸ்டர்" என்றால், "கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் நல்லபடியா முடியும்" என்று கையைப் பிடித்துச் சொல்லித்தான் நாம் வளர்ந்தோம். அந்தத் தேர்வில் அது பொய்யான நம்பிக்கை தருதல் என்று தள்ளப்படும். எதை நினைத்துப் பயப்படுகிறார் என்று கேட்டு, அவரைப் பேசவிடும் விடையே சரி. அறிவுரை சொல்லும் விடை, ஏன் என்று குறுக்குவிசாரணை செய்யும் விடை, பேச்சை மருத்துவரிடம் தள்ளிவிடும் விடை ஆகியவையும் பெரும்பாலும் தவறே. நம் வழக்கத்தில் உள்ள அன்பைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனால் பயந்தவரைப் பேசவிட்டால் அவர் மறைத்து வைத்திருந்த தகவல் வெளியே வருகிறது என்பதை, இதைக் கற்ற பிறகு என் வார்டிலேயே பார்த்தேன்.

இரண்டாவது, யாரிடம் சொல்வது என்பது. புற்றுநோய் என்று தெரிந்தால் நாம் முதலில் மகனை வெளியே அழைத்துப் பேசுவோம், நோயாளிக்குத் தெரிய வேண்டாம் என்பார்கள், நாமும் தலையசைப்போம். அங்கே சுயநினைவுள்ள வயதுவந்த நோயாளியே தன் உடலுக்கு உரிமையாளர். அவர் அனுமதியில்லாமல் மகனுக்கும் மனைவிக்கும் சொல்லக் கூடாது. அவர் சிகிச்சையை மறுத்தால் அந்த மறுப்பை மதிக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் செவிலியரின் வேலை கையெழுத்துக்குச் சாட்சியாக இருப்பது. அறுவையின் நன்மை தீமைகளை விளக்குவது அறுவை மருத்துவரின் வேலை. நோயாளிக்குப் புரியவில்லை என்று தெரிந்தால் மருத்துவரை மீண்டும் வரவழைக்க வேண்டும்.

மூன்றாவது, வேலையைப் பிரித்துக் கொடுத்தல். நம் ஊரில் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் பெட்பான் வைப்பதும் உறவினரோ ஆயாவோ செய்வது. அங்கே பதிவுபெற்ற செவிலியருக்குக் கீழே எல்.பி.என். என்னும் உரிமம் பெற்ற அடுத்த நிலைச் செவிலியரும், உரிமம் தேவைப்படாத உதவியாளரும் இருக்கிறார்கள். யாருக்கு எதைத் தரலாம் என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். முதல் மதிப்பீடு, முதல் முறை கற்பித்தல், விளைவை எடைபோடுதல், நிலையற்ற நோயாளி ஆகியவற்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். நிலையான நோயாளிக்கு வாய்வழி மருந்து தருவதையும் முன்பே கற்பித்ததை நினைவூட்டுவதையும் எல்.பி.என்.-க்குத் தரலாம். குளியல், நடக்கவைத்தல், நிலையான நோயாளியின் வெப்பம், நாடி, இரத்த அழுத்தம் குறித்தல், உட்கொள்ளும் நீரும் வெளியேறும் சிறுநீரும் அளத்தல் ஆகியவை உதவியாளருக்கு. உணவூட்டலையும் உதவியாளருக்குத் தரலாம் என்றாலும், பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஊட்டுவதைத் தரக் கூடாது. இந்தக் கண்ணியில் நான் மாட்டினேன்.

நான்காவது, மருத்துவரை அழைத்தல். ஏதாவது மாறினால் டியூட்டி டாக்டருக்குப் போன் போடுவது நம் கை தானாகச் செய்வது. தேர்வில், கேள்வி கொடுத்த தகவல் போதாதபோது மேலும் மதிப்பிடுவது முதல் வேலை. தகவல் போதுமான அளவு இருந்து, உங்களால் செய்யக்கூடிய காப்பு நடவடிக்கை ஒன்றும் இருந்தால், அதைச் செய்துவிட்டுத்தான் அழைக்க வேண்டும். இரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது குளிரும் முதுகுவலியும் வந்தால், முதலில் இரத்தத்தை நிறுத்துங்கள். பிறகு புதுக் குழாயில் நார்மல் சலைன் ஓடவிட்டு அழையுங்கள். பிரசவமானவரின் கருப்பை தளர்ந்து உதிரம் போனால் முதலில் கருப்பையைத் தேய்த்துவிடுங்கள். அது ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறது என்று பொருள், சிறுநீர் கழிக்க வையுங்கள்.

6. யாரை முதலில் பார்ப்பது

நான்கு நோயாளிகளைக் கொடுத்து முதலில் யாரிடம் போவீர்கள் என்று கேட்கும் கேள்விகளுக்கு, மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என்னும் வரிசையை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது மட்டும் போதாது. அந்த நோய்க்கு எதிர்பார்க்கக்கூடிய அறிகுறி எது, எதிர்பாராதது எது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிக்கு ஆக்சிஜன் செறிவு 90 விழுக்காடு இருப்பது அவருக்கு வழக்கமானதாக இருக்கலாம்; தைராய்டு அறுவை முடிந்தவருக்கு வாயைச் சுற்றி மரத்துப்போவது கால்சியம் குறைந்ததற்கான அறிகுறி, மூச்சில் சீழ்க்கை ஒலி கேட்டால் அதைவிட அவசரம். தொடை எலும்பு முறிந்து வலிக்கிறது என்பவரைவிட, அதே முறிவோடு திடீரென்று குழப்பமாகப் பேசி மூச்சு வாங்குபவரிடம் முதலில் போக வேண்டும். கொழுப்புத் துகள் நுரையீரலை அடைத்திருக்கலாம். நாள்பட்டதைவிடத் திடீர் மாற்றம் முந்தும், வரக்கூடிய ஆபத்தைவிட வந்துவிட்ட ஆபத்து முந்தும்.

7. மருந்து: பெயரும் அலகும் வேறு

தேர்வில் வணிகப் பெயர் வராது, பொதுப்பெயரே வரும். ஆனால் அந்தப் பொதுப்பெயரும் நாம் படித்த பிரிட்டிஷ் பெயராக இருக்காது. பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென். சால்பியூட்டமால் ஆல்பியூட்டரால். அட்ரினலின் எபிநெஃப்ரின். பெத்திடின் மெபெரிடின். லிக்னோகேயின் லிடோகேயின். ரிஃபாம்பிசின் ரிஃபாம்பின். கிளைபென்கிளமைட் கிளைபியூரைட். இந்த ஜோடிகளை ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். பத்து நாளில் வாய் பழகிவிட்டது.

இன்சுலினில் கூடுதல் கவனம் வேண்டும். நம் ஊரில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்ட குப்பி பரவலாகப் புழங்குகிறது. அங்கே 100 அலகுதான் வழக்கம். கணக்குக் கேள்வியில் கை தானாக 40-ஆல் வகுத்துவிடும். எடை பவுண்டில் வந்தால் 2.2-ஆல் வகுத்துக் கிலோவாக்கிய பிறகே அளவு கணக்கிட வேண்டும். ஒரு அவுன்ஸ் 30 மில்லி, ஒரு தேக்கரண்டி 5 மில்லி என்பவையும் தயாராக இருக்கட்டும்.

ஒவ்வொரு மருந்தையும் முழுதாகப் படிக்க முற்படாதீர்கள். எது நோயாளியைக் கொல்லும், கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், முறிமருந்து எது என்னும் கேள்விகளோடு படியுங்கள். பொட்டாசியம் குளோரைடை நரம்பில் நேரடியாகத் தள்ளவே கூடாது. டிகாக்சின் கொடுக்கும் முன் ஒரு நிமிடம் முழுதும் இதயத் துடிப்பைக் கேட்டு, வயதுவந்தவருக்கு 60-க்குக் கீழே இருந்தால் நிறுத்திவைக்க வேண்டும். பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் நச்சாகும் வாய்ப்புக் கூடும். முறிமருந்துகள் இவை: வார்ஃபரினுக்கு வைட்டமின் கே, ஹெப்பாரினுக்குப் புரோட்டமைன், மார்ஃபினுக்கு நலாக்சோன், அசிட்டமினோஃபெனுக்கு அசிட்டைல்சிஸ்டீன், மெக்னீசியத்துக்குக் கால்சியம் குளுக்கோனேட்.

8. சில எண்கள்

பொட்டாசியம் 3.5 முதல் 5.0. சோடியம் 135 முதல் 145. இரத்தத்தின் பி.எச். 7.35 முதல் 7.45, கார்பன் டை ஆக்சைடு 35 முதல் 45. லித்தியம் 0.6 முதல் 1.2, 1.5-ஐத் தாண்டினால் நச்சு. வார்ஃபரின் உண்பவர் பெரும்பாலானோருக்கு, இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 2 முதல் 3. கேஸ் ஸ்டடி அட்டவணைகளில் இயல்பளவு பக்கத்திலேயே தரப்படுவதுண்டு என்றாலும், எண்ணைப் பார்த்த நொடியில் அபாயம் உறைக்க வேண்டும். பொட்டாசியம் 6.8 என்று கண்டால் இதயத் தாளம்தான் முதலில் நினைவுக்கு வர வேண்டும்.

9. தொற்றுத் தடுப்பு: எளிதில் மதிப்பெண் தரும் பகுதி

காசநோய், தட்டம்மை, சின்னம்மை ஆகியவை காற்றில் பரவுபவை. எதிர்மறை அழுத்த அறையும் என்95 முகக்கவசமும் வேண்டும். நம் பொது வார்டுகளில் அந்த அறை பெரும்பாலும் இராது என்பதால், பார்த்து மனத்தில் பதியவில்லை, மனப்பாடமாகவே ஏற்றிக்கொள்ளுங்கள். இன்ஃப்ளூயன்சா, கக்குவான், புட்டாளம்மை, மெனிங்கோகாக்கல் மூளையுறை அழற்சி ஆகியவை நீர்த்துளியால் பரவும். கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் வயிற்றுப்போக்கில் கைத்தேய்ப்பு ஆல்கஹால் பயன்படாது, சோப்பும் நீரும்தான். அணியும்போது அங்கி, முகக்கவசம், கண்ணாடி, கையுறை. கழற்றும்போது கையுறை, கண்ணாடி, அங்கி, கடைசியாக முகக்கவசம்.

10. ஒரு கேஸ் ஸ்டடியை ஆறு படிகளில் பிரித்தல்

ஆறு கேள்விகளும் ஆறு சிந்தனைப் படிகள்: குறிகளைக் கண்டுகொள்வது, அவற்றை ஆராய்வது, எந்தக் காரணம் முதன்மையானது என்று வரிசைப்படுத்துவது, தீர்வுகளை யோசிப்பது, செயல்படுவது, விளைவைப் பார்ப்பது. ஓர் எடுத்துக்காட்டில் காட்டுகிறேன்.

36 வாரக் கர்ப்பிணி, இரத்த அழுத்தம் 168/112, தலைவலி. வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்பேட் நரம்புவழி மணிக்கு 2 கிராம் ஓடுகிறது. தொடங்கும்போது சுவாசம் 16, முழங்கால் அனிச்சை இயல்பு, சிறுநீர் மணிக்கு 45 மில்லி. நான்கு மணி நேரத்துக்குப் பின் சுவாசம் 10, அனிச்சை இல்லை, சிறுநீர் 20 மில்லி, முகம் சூடாக இருக்கிறது என்கிறார். இதில் முகச்சூடு அந்த மருந்தோடு வருவதுதான். தலைவலி நோயோடு வந்தது. சுவாசமும் அனிச்சையும் சிறுநீரும் குறைந்தவையே கவனிக்க வேண்டிய குறிகள். சிறுநீர் குறைந்ததால் மெக்னீசியம் வெளியேறாமல் தேங்கியிருக்கிறது என்பது ஆராய்ச்சி. வலிப்பு வரலாம் என்னும் அச்சத்தைவிட மெக்னீசிய நச்சு முந்துகிறது. ஆக, முதலில் மருந்தை நிறுத்துகிறோம், மருத்துவரை அழைத்துக் கால்சியம் குளுக்கோனேட்டுக்கு உத்தரவு பெறுகிறோம். சுவாசம் 12-க்கு மேல் ஏறி அனிச்சை திரும்பினால் விளைவு சரி. நம் அரசு மருத்துவமனைகளில் இரு பக்கப் புட்டத்திலும் தசை ஊசியாக மெக்னீசியம் போட்டுப் பழகியவர்களுக்கு, ஒவ்வோர் ஊசிக்கும் முன் இதே மூன்றையும் பார்த்தது நினைவிருக்கும். கை அறிந்ததைப் படிப்படியாக வாயால் சொல்லப் பழகுங்கள்; கேஸ் ஸ்டடி உங்களுக்குப் பலமாகிவிடும்.

11. இரவுப் பணியோடு படிக்கும் முறை

நான் ஆறு மாதம் எடுத்துக்கொண்டேன். முதல் இரண்டு மாதம் உடல் மண்டலம் ஒவ்வொன்றாகப் பாடம். அதன்பின் நாள்தோறும் 50 கேள்விகள், கடைசி மாதத்தில் 75. இரவுப் பணி முடிந்த காலையில் படிக்க உட்காராதீர்கள், உறங்குங்கள். அன்று மாலை ஒரு மணி நேரம் போதும். கேள்வி போடுவதற்கு ஒரு மணி நேரம் என்றால் விளக்கங்களை வாசிக்க இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், சரியாகப் போட்டவற்றின் விளக்கத்தையும் சேர்த்து.

ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு தவறுக்கும் எதிரே அதன் காரணத்தை எழுதிவந்தேன்: பாடம் தெரியவில்லை, கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை, வார்டுப் பழக்கம். மூன்று வாரத்தில் மூன்றாவது காரணமே பாதிக்கு மேல் என்று தெரிந்தது. பயிற்சிக் கேள்வித் தொகுப்பு ஒன்றே போதும். மூன்று நிறுவனங்களுக்குச் சந்தா கட்டி ஒன்றையும் முடிக்காமல் விடுபவர்களே அதிகம். 2023-க்கு முன் வெளியான பழைய நூல்களைப் பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம், கேள்விப் பயிற்சிக்கு வேண்டாம். தேர்வில் வந்த அசல் கேள்விகள் என்று புலனக் குழுக்களில் விற்பவற்றைத் தொடாதீர்கள். கேள்விகளை வெளியிடுவதும் பெறுவதும் விதிமீறல், உரிமமே கிடைக்காமல் போகலாம்.

12. தேர்வு நாள்

சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் மையங்கள் இருக்கின்றன. அனுமதிக் கடிதம் வந்த அன்றே தேதி பிடியுங்கள், நல்ல தேதிகள் விரைவில் போய்விடும். முதல் முறை நான் இரவு ரயிலில் எழும்பூர் வந்து இறங்கி நேரே மையத்துக்குப் போனேன். மூன்றாம் மணி நேரத்தில் கண் சொருகியது. முந்தைய நாளே போய்த் தங்குங்கள், செலவைப் பார்க்காதீர்கள். அரை மணி நேரம் முன்னதாகச் சேருங்கள். உள்ளங்கை நரம்பைப் பதிவு செய்வார்கள், படம் எடுப்பார்கள், கையெழுத்து வாங்குவார்கள். கைக்கடிகாரமும் கைப்பேசியும் உள்ளே போகாது. தேதியை மாற்ற வேண்டுமானால் முழு ஒரு வேலைநாளுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

இடைவேளை எடுப்பது உங்கள் விருப்பம், ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். நான் இரண்டாம் முறை ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் எழுந்து முகம் கழுவி ஒரு வாழைப்பழம் சாப்பிட்டேன். அந்த ஐந்து நிமிடத்தால் எதையும் இழக்கவில்லை.

13. முடிவு வந்த பின்

அதிகாரபூர்வ முடிவை உங்கள் மாநில வாரியமே அனுப்பும். ஆறு வாரம் வரை ஆகலாம். தோற்றால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம், 200 டாலரும் 150 டாலரும் மீண்டும் கட்ட வேண்டும். திறனறிக்கையை எடுத்து, கோட்டுக்குக் கீழே என்று வந்த பிரிவுகளிலிருந்து படிப்பைத் தொடங்குங்கள்.

தேறினால் அடுத்த வாரமே ஆங்கிலத் தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். வீசாஸ்க்ரீன் விண்ணப்பத்தில் கல்லூரியும் கவுன்சிலும் மறுபடி தாள் அனுப்ப வேண்டியிருக்கலாம். முன்பு அனுப்பிய ட்ரான்ஸ்கிரிப்டின் நகல், அஞ்சல் ரசீது, அலுவலரிடம் கொடுத்த விண்ணப்பத்தின் தேதி ஆகிய எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருந்தால் அப்போது அது கைகொடுக்கும். எனக்கு அந்த இரண்டாம் சுற்று பதினைந்து நாளில் முடிந்தது.